பாதி சீசன்ல விட்டுட்டுப் போன ஆறாம் நம்பர் திரும்ப வர்றேங்கிறார். சேர்க்கலாமா?

கேள்வி: டச்லைன்

மாவட்ட ஃபுட்பால் லீக் ஆடுற அமெச்சூர் டீம் எங்களுது. யாருக்கும் சம்பளம் கிடையாது. பஸ் காசு, மேட்ச் அன்னிக்குச் சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான். லீக்ல 11 டீம், ஆளுக்கு 20 மேட்ச். 14 முடிஞ்சாச்சு, இன்னும் எட்டு வாரத்துல ஆறு மேட்ச் பாக்கி. இப்ப ஒன்பதாவது இடம். கடைசி ரெண்டு டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும்.

டிஃபன்ஸுக்கு முன்னாடி நிக்கிற ஆறாம் நம்பர், அஞ்சாவது மேட்ச்ல இடைவேளையில மாத்தினதும் ஜெர்சியைக் கழட்டி பெஞ்ச் மேல போட்டுட்டுப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்ஆப் குரூப்லேருந்தும் வெளியேறிட்டார். அடுத்த மேட்சுக்கு நாலு நாள்தான் இருந்தது. டிஃபன்ஸ்ல வலது ஓரம் (ரைட் பேக்) ஆடிட்டிருந்த 19 வயசுப் பையனை அந்த இடத்துல நிறுத்தினாங்க. அவன்தான் ஒன்பது மேட்சாக் காப்பாத்திட்டு இருக்கான்.

14 வாரம் கழிச்சு இப்ப கோச்சுக்குப் போன் பண்ணி வரட்டுமான்னு கேக்கிறார். இடையில மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால், ஆடியிருக்கார். கோச் சேர்க்கணும்ங்கிறார், கேப்டன் கூடாதுங்கிறார். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். சேர்க்கலாமா? சேர்த்தா எப்படிச் சேர்க்கணும்?

பதில்: பழைய ஸ்டாப்பர்

‘விட்டுட்டுப் போனான்’னு எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. உடம்பு முடியலைன்னு போறவன் இருக்கான், நிர்வாகம் சரியில்லைன்னு போறவன் இருக்கான், கோச்சோட ஒரு முடிவு பிடிக்காம போறவன் இருக்கான். போன அன்னிக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறியிருக்குன்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

2005 செப்டம்பர் 7, டப்ளின். உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றுல அயர்லாந்தும் பிரான்ஸும் மோதின மேட்ச். ரெண்டு பக்கமும் திரும்பி வந்தவங்க நின்னாங்க. பிரான்ஸ்ல ஜிடேன், துராம், மகெலெலே. மூணு பேரும் 2004 யூரோவுக்கு அப்புறம் தேசிய அணி போதும்னு ஒதுங்கினவங்க, 2005 ஆகஸ்ட்ல சேர்ந்து திரும்பினவங்க. அயர்லாந்துல ராய் கீன். 2002 உலகக்கோப்பைக்கு முன்னாடி சைபன் தீவு முகாம்ல மைதானம் சரியில்லை, ஏற்பாடு சரியில்லைன்னு கோச் மிக் மெக்கார்த்தியோட மோதி, ஒரு மேட்ச் கூட ஆடாம வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவர் 2004 மே மாசம்தான் திரும்பினார். அதுக்குள்ள மெக்கார்த்தி போய், பிரையன் கெர் வந்துட்டார். யாரோட மோதினாரோ அந்த ஆளே அங்க இல்லை. ஜிடேன் யாரோடயும் பகிரங்கமாச் சண்டை போட்டுட்டுப் போகலை. அதனால கேப்டன் பட்டையைக் கூட அவர் கையில கட்ட முடிஞ்சது. அன்னிக்கு ஆன்ரி அடிச்ச ஒரே கோல்ல பிரான்ஸ் ஜெயிச்சது, அடுத்த வருஷம் பைனல் வரைக்கும் போச்சு. அயர்லாந்து தகுதியே பெறலை. கீன் மாதிரி ஒருத்தர் திரும்பி வந்தும் அவ்வளவுதான் முடிஞ்சது.

உங்க கோச் மாறலை. அதனால உங்க விஷயம் கீன், ஜிடேனை விட மான்செஸ்டர் சிட்டியில ஆடின டெவெஸுக்குத்தான் கிட்ட வருது. 2011 செப்டம்பர் 27, மியூனிக்ல பயர்னுக்கு எதிரா மான்செஸ்டர் சிட்டி 0-2ல தோத்த ராத்திரி. டெவெஸ் களமிறங்க மறுத்துட்டார்னு சொன்ன கோச் மான்சினி, இனி எனக்காக ஆட மாட்டான்னும் அறிவிச்சார். மறுக்கலை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னார் டெவெஸ். நவம்பர்ல அனுமதி இல்லாம அர்ஜென்டினா போயிட்டார், கிளப் அபராதம் போட்டது. 2012 பிப்ரவரியில திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். நேரா மெயின் டீமுக்குள்ள விடலை. முதல்ல ரிசர்வ் டீம்ல ஆடினார், அப்புறம் பெஞ்ச்ல உக்காந்தார். மார்ச் 21ல செல்சிக்கு எதிரா மாற்று ஆட்டக்காரரா இறங்கி, நஸ்ரி அடிச்ச வெற்றி கோலுக்குப் பாஸ் கொடுத்தார். ஏப்ரல்ல நார்விச்சுக்கு எதிரா ஹாட்ரிக். அந்த சீசன் சிட்டி கோல் வித்தியாசத்துல சாம்பியன் ஆனது.

மன்னிப்பு, ரிசர்வ், பெஞ்ச், கொஞ்ச நிமிஷம். அந்த வரிசையைப் பாருங்க. ஒரு படியைக் கூடத் தாண்டலை. உங்க ஆறாம் நம்பரும் இதே வரிசைக்கு ஒத்துக்கிட்டா சேர்க்கலாம்னு சொல்வேன். நேரா முதல் 11ல இடம் வேணும்னு கேட்டா அங்கேயே பேச்சை முடிச்சுக்குங்க.

பதில்: பதிவேடு

மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்குப் போகும் முன் காகிதத்தைச் சரிபாருங்கள். பல கிளப்கள் சறுக்குவது இங்கேதான்.

தேசிய அணிக்கு ஆட்டக்காரரைக் கிளப் போலப் பதிவு செய்வதில்லை. மெஸ்ஸி 2016 ஜூன் 26 அன்று கோபா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டியில் தோற்ற இரவில் ‘தேசிய அணி எனக்கு முடிந்தது’ என்றார். ஆகஸ்ட்டில் மனம் மாறினார், செப்டம்பர் 1 அன்று உருகுவேக்கு எதிராக ஆடி கோலும் போட்டார். வாய்ச்சொல்லோடு போனவர் வாய்ச்சொல்லோடு திரும்பினார். கிளப்பில் அப்படி நடக்காது.

குரூப்பை விட்டு வெளியேறியதால் அவருடைய பதிவு தானாக ரத்தாகிவிடாது. வேறு கிளப் தன் பெயரில் பதிந்துகொண்டிருந்தாலோ, நீங்களே விடுவித்திருந்தாலோதான் சிக்கல். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் பதிவுத் தளமான சிஆர்எஸ்ஸில் அவருடைய இன்றைய நிலை என்ன என்று கிளப்பின் கணக்கில் புகுந்து பார்த்து, அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் இருந்தால் நல்லது. வேறு கிளப்புக்கு மாறியிருந்தால் திரும்ப மாற்றப் பதிவுக்காலம் திறந்திருக்க வேண்டும். அதோடு, ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்களில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டங்களில் இரண்டு கிளப்களுக்கு மட்டுமே ஆடலாம். எங்கேயாவது தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தகுதியில் ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் ஆகாமல் அவரை மீண்டும் அமெச்சூராகப் பதிய முடியாது.

செவன்ஸ் தனிச் சிக்கல். மலபார் செவன்ஸ் போட்டிகள் கூட்டமைப்பின் அங்கீகாரத்துக்கு வெளியே நடப்பவை. அங்கே ஆடிய பதிவுபெற்ற ஆட்டக்காரர் மேல் என்ன நடவடிக்கை என்பது உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, மாவட்டச் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் ‘பரவாயில்லை, ஆட விடுங்க’ என்று சொன்னதை நம்பி இறக்காதீர்கள். தகுதியில்லாத ஆட்டக்காரர் இறங்கியதாக எதிரணி புகார் கொடுத்தால், வழக்கமான தண்டனை 0-3 என்று ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிடுவது. ஒன்பதாவது இடத்தில் இருக்கும் அணிக்கு மூன்று புள்ளியோடு கோல் வித்தியாசமும் போகும்.

பதில்: பிசியோ திருச்சி

கோச், கேப்டன், காகிதம் எல்லாம் சரின்னு வைங்க. உடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

செவன்ஸ் ஆடிட்டு இருந்தார், அதனால ஃபிட்டா இருப்பார்னு நினைச்சா தப்பு. செவன்ஸ் மைதானம் சின்னது, ஆட்ட நேரம் குறைவு. குறுகின இடத்துல வெட்டித் திரும்புறது, முட்டி மோதுறதுதான் அதிகம். 11 பேர் ஆட்டத்துல ஆறாம் நம்பர் 90 நிமிஷத்துல 10 கிலோமீட்டருக்குக் குறையாம ஓட வேண்டியிருக்கும். டாப் லெவல்ல 11, 12 கூட வரும். அதுலயும் டிஃபன்ஸ் நடுவுல நிக்கிற ஸ்டாப்பர் ரெண்டு பேருக்கும் முன்னாடி அகலவாக்குல ஓடி ஓடி அடைக்கிற வேலை. மூச்சு செவன்ஸ்ல பழகியிருக்கலாம். பின்தொடையும் கவட்டையும் அந்த ஓட்டத்துக்குப் பழகியிருக்காது.

முதல் நாள் யோ-யோ டெஸ்ட் முதல் லெவல் வைங்க. 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பணும், 10 விநாடி இடைவெளியில அஞ்சு மீட்டர் நடந்து திரும்பணும், பீப் ஒலி வர வர வேகம் கூடும். ரெண்டு தடவை பீப்பைத் தவறவிட்டா நிறுத்திடணும். இதை அவருக்கு மட்டும் வைக்காதீங்க. இப்ப ஆடிட்டிருக்கிற மூணு நடுக்கள ஆட்டக்காரங்களையும் சேர்த்தே ஓட விடுங்க. அப்பதான் ஒப்பிட ஒரு அளவு கிடைக்கும், தண்டனை மாதிரியும் தெரியாது.

முதல் ரெண்டு வாரம் மேட்ச் வேண்டாம். ஒவ்வொரு பிராக்டிஸும் ஃபிஃபா 11+ வார்ம்-அப்போட தொடங்கட்டும்: 8 நிமிஷம் ஓட்டம், 10 நிமிஷம் வலு, சமநிலைப் பயிற்சி, 2 நிமிஷம் வேக ஓட்டம். பின்தொடைக்கு நார்டிக். முட்டி போட்டு நிக்க வைச்சு, பின்னாலேருந்து ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்கணும், உடம்பை நேரா வைச்சு மெதுவா முன்னால சாயணும். முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை வீதம் 2 செட். ரெண்டாவது வாரம் ரெண்டு நாள், 6 வீதம் 2 செட். மூணாவது வாரத்துலேருந்து மூணு நாள், 6 முதல் 8 வரை 3 செட். மேட்சுக்கு முந்தின நாள் மட்டும் கூடாது, மறுநாள் தொடை பிடிச்சுக்கும்.

அப்புறம் நிமிஷக் கணக்கு. முதல் மேட்ச்ல கடைசி 20 நிமிஷம். அடுத்ததுல 30. அதுக்கு அடுத்ததுல, வலி எதுவும் இல்லைன்னா, 60. ‘பெரிய மேட்ச், முழுசா ஆடட்டும்’னு முதல் நாளே 90 கொடுத்தா, ரெண்டாம் பாதியோட கடைசியிலதான் தொடை பிடிக்கும், அதோட சீசனே முடிஞ்சிடும். களைப்பு எப்ப ஆரம்பிக்குதுன்னு வெளியிலேருந்தே தெரியும். பந்து வெளிய போன உடனே கையை முட்டி மேல ஊனுவார். ஸ்டாப்பர் தலையால எடுத்த பந்து கீழ விழற இடத்துக்கு அரை அடி லேட்டா வருவார். அடுத்து பின்னாலேருந்து காலை நீட்டுவார், மஞ்சள் அட்டை. அந்த அரை அடி தெரிஞ்ச உடனே மாத்திடுங்க.

பதில்: கைப்பட்டை

நான் கேப்டன் பக்கம். இந்த சீசன் வேண்டாம், அடுத்த சீசன் பதிவுக்கு வரச் சொல்லுங்க.

கீழ இறங்குற பயம் வந்ததும், போன ஆள் திரும்பி வந்தா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நினைப்பு வரும். இந்திய டீம் கேப்டனா இருந்த சுனில் சேத்ரியைப் பாருங்க. 2024 ஜூன் 6ல கொல்கத்தாவுல குவைத்துக்கு எதிரா ஆடி விடைபெற்றார். அதுக்கப்புறம் டீம் ஜெயிக்கவே முடியாமத் திணறி, 2025 மார்ச்ல 40 வயசுல அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க. மார்ச் 19ல ஷில்லாங்ல மாலத்தீவுக்கு எதிரா 3-0, அவரும் ஒரு கோல் அடிச்சார். ஆறே நாள்ல அதே மைதானத்துல வங்கதேசத்தோட 0-0. அக்டோபர்ல சிங்கப்பூர்கிட்ட 1-2ல தோத்து 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போச்சு. சேத்ரி மேல எந்தக் குத்தமும் இல்லை. அந்த சீசன் இந்தியன் சூப்பர் லீக்ல (ஐஎஸ்எல்) அதிக கோல் அடிச்ச இந்தியரே அவர்தான். டீம்ல இருந்த ஓட்டை அவரால அடைக்கிற இடத்துல இல்லை, அவ்வளவுதான்.

உங்க ஓட்டை எங்கன்னு எண்ணிப் பாத்தீங்களா? அவர் இருந்த அஞ்சு மேட்ச்ல வாங்கின கோல் எத்தனை, இல்லாத ஒன்பதுல எத்தனை? அதுல நடுவுலேருந்து உடைச்சு வந்தது எத்தனை, கார்னர் ஃப்ரீ கிக்ல வந்தது எத்தனை? நடுவுல உடையலைன்னா ஆறாம் நம்பர் உங்களுக்குத் தேவையே இல்லை.

இன்னொண்ணு, போன காரணம் அப்படியே இருந்தா மறுபடியும் அதே நடக்கும். கெவின்-பிரின்ஸ் போட்டெங் 2011ல கானா அணி வேண்டாம்னு விலகினார், 2013ல திரும்ப வந்தார். 2014 உலகக்கோப்பையில போர்ச்சுகல் மேட்ச் நடந்த ஜூன் 26ஆம் தேதியே அவரும் சக ஆட்டக்காரர் முன்டாரியும் டீம்லேருந்து வெளியேத்தப்பட்டாங்க. அவரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. கொடுக்க வேண்டிய பணத்துக்காக மொத்த டீமும் கொதிச்சு, 30 லட்சம் டாலருக்கு மேல ரொக்கமா விமானத்துல அனுப்பி வைச்ச முகாம் அது. அப்படிக் கொதிச்சிட்டிருக்கிற இடத்துக்குள்ள ஏற்கெனவே ஒரு தடவை போனவரைக் கொண்டு வந்தா யாருக்குமே நல்லது நடக்காது.

எல்லாத்துக்கும் மேல அந்தப் பையன். தன் இடத்தை விட்டு நாலே நாள்ல பழகாத இடத்துக்கு வந்து ஒன்பது மேட்ச் ஆடியிருக்கான். மறுபடி ரைட் பேக் போடான்னு சொன்னா, பொறுப்பா நின்னவனுக்கு என்ன கிடைச்சதுன்னு மத்த 20 பேரும் பாப்பாங்க.

கேள்வி கேட்டவர்: டச்லைன்

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பாத்தோம். அவர் இருந்த அஞ்சு மேட்ச்ல வாங்கினது 6 கோல். இல்லாத ஒன்பதுல 15. அந்த 15ல 8 கார்னர், ஃப்ரீ கிக்ல வந்தது, நடுவுலேருந்து உடைஞ்சது 3தான். அவர் டீம்லயே உயரமான ஆள், எதிரணி கார்னர் அடிக்கும்போது கிட்டப் போஸ்ட்ல, அதாவது அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்துகிட்ட, நின்னுட்டிருந்தவர்.

பதிவு எங்க பேர்லதான் இருக்கு. செவன்ஸ் விஷயமாச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கோம்.

ஒரு புது விஷயம். அன்னிக்கு அவர் ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தார், இன்னொண்ணு வாங்கிடுவார்னுதான் கோச் மாத்தினாராம். அதை அவர்கிட்டச் சொல்லவே இல்லை. போர்டுல நம்பரைப் பாத்துத்தான் அவருக்கே தெரிஞ்சிருக்கு.

பதில்: கைப்பட்டை

8 கோல் கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி செட் பீஸ்ல போயிருந்தா கணக்கு வேற. கிட்டப் போஸ்ட்ல நிக்க ஆள் வேணும். என் மறுப்பை வாபஸ் வாங்கிக்கிறேன். பையனோட இடத்துல கை வைக்காம இருந்தா மட்டும்.

பதில்: பழைய ஸ்டாப்பர்

காரணம் சொல்லாம மாத்தினது கோச் பக்கத் தப்பு. அதுக்காக ஜெர்சியைக் கழட்டிப் போட்டதும், நாலு நாள்ல மேட்ச் இருக்கும்போது டீமை விட்டுட்டுப் போனதும் சரின்னு ஆயிடாது. ரெண்டையும் தனித்தனியாத் தீர்த்துடுங்க.

முதல்ல கோச்சும் அவரும் மட்டும் உக்காரட்டும், 20 நிமிஷம் போதும். ஏன் மாத்தினேன்னு கோச் சொல்லணும், சொல்லாம விட்டது தப்புன்னும் சொல்லணும். இனிமே மாத்துறதா இருந்தா ஒரு வரி காரணம் சொல்லிட்டு மாத்துறதுன்னு டீம் முழுசுக்கும் வழக்கமாக்கிடுங்க. அடுத்து கேப்டனோட. அதுக்கப்புறம் அந்தப் பையன்கிட்டக் கோச் தனியாப் போய், உன் இடம் உன்னோடதுன்னு முகத்தைப் பாத்துச் சொல்லணும். பையன் இதை வேற யார் மூலமாவோ கேள்விப்படவே கூடாது. கடைசியில பிராக்டிஸ் தொடங்குறதுக்கு முன்னாடி, மைதானத்துல, எல்லார் முன்னாலயும் அவர் ரெண்டு வார்த்தை சொல்லட்டும். நேர்ல விட்டுட்டுப் போனவர், வாட்ஸ்ஆப்ல மன்னிப்புக் கேக்க வேண்டாம். கை தூக்கி ஓட்டுப் போடுறதும் வேண்டாம். ‘வேண்டாம்’னு கை தூக்கினவன்தான் மறுநாள் அவர் பாஸுக்காக ஓடணும்.

ஆறாம் நம்பர் ஜெர்சி பையன்கிட்டயே இருக்கட்டும். திரும்பி வர்றவருக்குக் காலியா இருக்கிற ஏதாவது ஒரு நம்பர். ரெண்டு பேரையும் ஒரே இடத்துக்கு மோத விடாம, 4-2-3-1 அமைப்புல, டிஃபன்ஸ் நாலு பேருக்கு முன்னாடி நிக்கிற அந்த ரெண்டு பேரா, பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பழக்குங்க. பையன் இடது, இவர் வலது. ஒருத்தர் முன்னேறினா இன்னொருத்தர் ஸ்டாப்பர் முன்னாடியே நிக்கணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பந்தைப் பாத்து ஓடுறதுதான் இந்த ஏற்பாட்டுல நடக்கிற முதல் தப்பு. அதை மட்டும் பிராக்டிஸ்ல 8க்கு 8 ஆட்டத்துல திரும்பத் திரும்ப நிறுத்திக் காட்டுங்க.

பிசியோ சொன்ன 20 நிமிஷத்தை, ஜெயிச்சிட்டிருக்கிற மேட்சோ சமன்ல இருக்கிற மேட்சோ, கார்னர் தடுக்கிறதுக்காகச் செலவு பண்ணுங்க. இப்ப கிட்டப் போஸ்ட்ல நிக்கிறவர் எந்த ஆளைப் பிடிக்கப் போகணும்னு பிராக்டிஸ்லயே சொல்லிடுங்க. எதிரணிக்குக் கார்னர் கிடைச்சு பந்து கொடிகிட்ட வைச்சிருக்கும்போது மட்டும் அவரை உள்ள விடாதீங்க. யார் யாரைப் பிடிக்கிறதுன்னு கலைஞ்சு, முதல் பந்துலயே கோல் போகும். கார்னர் அடிச்சு முடிஞ்சு, பந்து வெளிய போனதும் போர்டைத் தூக்குங்க.